நன்றியுரை இல்லாத ஊரில் ஓர் உக்ரேனியப் படம்

கூட்டத்தைத் தொடக்கிவைக்க எந்த மூடனாலும் இயலும். அதனை முறையாக முடித்துவைப்பதற்கே பிறவியில் ஒரு வரம் வேண்டும் என்பது சச்சிதானந்தனின் அசைக்க முடியாத கொள்கை. அந்த வரம் தமக்கு வாய்த்திருந்தது என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. கொழும்பில் அரசாங்க வரைஞராக இருந்த காலத்தில், பிரியாவிடை விருந்தாயினும் வாணி விழாவாயினும் நன்றியுரை அவருடையதே. தலைவர் முதல் ஒலிபெருக்கிக்காரர் வரை, தேநீர் ஆற்றியவர் முதல் வாசலில் செருப்புகளுக்குக் காவலிருந்தவர் வரை, கையில் தாளின்றி, ஒருவரையும் விடாமல் நன்றி கூறுவார். பின்னர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்வு இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. சச்சிதானந்தன் அரசாங்கத்துக்கும் மனத்துள் ஒரு நன்றி கூறிவிட்டு, மனைவி சிவனேஸ்வரியோடு மெல்பேர்னுக்குக் கப்பலேறினார்.

மெல்பேர்னில் அந்நாளில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அனைத்தையும் ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம். ஏற்றியிருந்தால் சன்னலோரம் யாருக்கு என்பதில் இரண்டாவது பேருந்து தேவைப்பட்டிருக்கும். அக்குடும்பங்கள் கூடி, நகரின் நடுவே ஓடும் யாரா ஆற்றின் பெயரால் ‘யாரா தமிழர் ஒன்றியம்’ என்று ஒரு சங்கத்தை நிறுவின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டுப் பொங்கல் விழாவன்று சச்சிதானந்தன் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறொருவர் நன்றியுரை கூறினார். ஒலிபெருக்கியைத் தம் காரில் ஏற்றிவந்த வரதராஜாவின் பெயரை விட்டுவிட்டார். ஒரு மாதத்துள் ‘யாரா தமிழர் மெய் ஒன்றியம்’ உதயமாயிற்று. ஒன்றியம் இரண்டாகியது, பொங்கல் பானையும் இரண்டாகியது, இரண்டிலும் பொங்குவதற்குப் பால்தான் போதவில்லை. நன்றி என்பது மறந்தால் கொல்லும் ஆயுதம் என்பதைச் சச்சிதானந்தன் அன்று தெளிவாக அறிந்துகொண்டார்.

இரண்டு ஒன்றியங்களிலும் சேர மனமில்லாத அவர், வேலைக்குப் போகும் வழியில் கண்ட ஓர் அறிவித்தலைப் பார்த்து, ‘வடபுற நகர் உலகத் திரைப்பட விழா’வின் செயற்குழுவில் சேர்ந்தார். உலகம் முழுவதையும் வடபுற நகருக்கு அழைத்துவருவதே அவ்விழாவின் நோக்கம். உலகத்திலிருந்து ஏற்கெனவே வந்து வடபுற நகரில் குடியிருந்தவர்களை அழைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருக்கவில்லை. தலைவர் பிரிச்சர்ட் என்னும் பள்ளி ஆசிரியர், அன்பே உருவானவர். “எங்கள் இந்திய நண்பர்” என்று சச்சிதானந்தனை எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவார். முதல் நாள் திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை. இரண்டாம் நாள் திருத்துவது மரியாதையாக இராது. மூன்றாம் ஆண்டில் அவர் இந்தியராகவே ஆகிவிட்டார்.

அவ்விழாவில் அவரை உறுத்தியது ஒன்றேயொன்று. படம் முடிந்ததும் அவுஸ்திரேலியர்கள் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, வெளியே போய்விடுவார்கள். விருந்துண்ட வீட்டில் கைகழுவாமல் எழுந்து போவதைப் போல அது அவருக்கு அருவருப்பாக இருந்தது. நன்றியுரை ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று ஆண்டுதோறும் பிரேரித்தார். “நன்றியெல்லாம் விழா மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோமே” என்று பிரிச்சர்ட் ஆண்டுதோறும் கூறினார். அச்சடித்த நன்றி, ஆறிப்போன கோப்பி, யார் குடிப்பார்?

எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு ‘மேய்ச்சல் மலை’ என்றொரு படம் வந்துசேர்ந்தது. கீவ் நகரத்துப் படநிறுவனம் ஒன்று எடுத்தது. இடையர்கள், பனி, ஒரு திருமணம், அதைவிட நீண்ட ஒரு மரணம். படத்தின் பெயரைக் கேட்ட மறுநாளே ஸ்தெபான் சச்சிதானந்தனின் மேசையருகே வந்து நின்றார்.

ஸ்தெபான் மெல்பேர்னில் சச்சிதானந்தன் வேலைபார்த்த வரைபடப் பிரிவில் அடுத்த பலகையில் வேலை செய்தவர், எசண்டன் புறநகரில் வீடு, உக்ரேனியர். இருவரும் பேசியது ஆங்கிலம். அது இருவருக்குமே இரவல் உடுப்பு. ஒருவருக்குக் கை நீளம், மற்றவருக்கு இடுப்பு இறுக்கம். ஆயினும் ஸ்தெபானின் ஆங்கிலம் சச்சிதானந்தனின் காதில் எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். மெல்பேர்ன் உக்ரேனியருக்கும் இரண்டு சங்கங்கள் உண்டு என்று அறிந்த நாள் முதல், இம்மனிதர் தம் இனத்தவரே என்று அவர் முடிவுசெய்திருந்தார்.

“சச்சி, உந்தப் படத்துக்கு மேடையில ஆர் பேசுறது?” என்றார் ஸ்தெபான்.

“அறிமுகவுரை நான்தான்.”

“அப்ப ஒரு சொல்லுச் சொல்லும். ‘இது உக்ரேனியப் படம்’ எண்டு. அவ்வளவும் காணும்.”

“விழா மலரிலை ‘சோவியத் ரஷ்யா’ எண்டெல்லே அடிச்சிருக்கிறம்.”

“அதுதான் சொல்லுறன். அடிச்சதை அழிக்க ஏலாது. வாயாலை சொல்லலாமெல்லோ?”

பிறகு காரணத்தைக் கூறினார். அவருக்கு ஹாலினா என்றொரு மகள், வயது பதினைந்து. பள்ளியில் ஹெலன். அங்கே அவள் பெயருக்கு நேரே ‘ரஷ்யர்’ என்று பதிந்திருந்தார்கள். தகப்பன் திருத்தச் சொன்னபோது, அவள் பள்ளி நிலப்படத்தை விரித்து, “எங்கே இருக்கிறது, காட்டு” என்றாள். நிலப்படத்தில் ஒரே இளஞ்சிவப்பாக ஒரு பெருநிலம் இருந்தது. அதற்குள் அவர் விரல் அலைந்தது. “அப்பா, அந்த நாட்டை நீ மட்டும்தான் சொல்கிறாய். நீ கற்பனை செய்திருக்கிறாய்” என்று சொல்லிவிட்டு அவள் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள்.

“நான் சொன்னா நம்பமாட்டாள். அம்மா சொன்னாலும் நம்பமாட்டாள். கோயில்லை பாதிரியார் சொன்னா சிரிக்கிறாள். எங்கடை ஆக்களில்லாத ஒருத்தன், கோட்டுப் போட்டுக்கொண்டு, மேடையில ஏறி, இங்கிலீசிலை சொல்லவேணும். டிக்கற் எடுத்துப்போட்டன். ஒரு நாள்தான் வருவன் எண்டவள்.”

சச்சிதானந்தனுக்கு நெஞ்சில் ஏதோ செய்தது. எனினும் பெரிய மனிதர் ஆகவிருப்பவர் நெஞ்சில் செய்வதையெல்லாம் வெளிக்காட்டலாகாது. “கலைக்கு எல்லையில்லைத்தானே, ஸ்தெபான்” என்றார்.

“கலைக்கு இல்லை. படம் எடுக்கிறவனுக்கு இருக்கு,” என்றார் ஸ்தெபான். “இந்தப் படத்தை எடுத்தவனை ஊரிலை அடுத்த படம் எடுக்க விடுறாங்களில்லையாம். வெளியூர் விழாக்களிலை பேர் கிடைச்சா ஒரு வருசம் மூச்சு விட விடுவாங்கள். விழாக்காரரும் அதை ரஷ்யப் படமெண்டே புகழ்ந்தால், மூச்சு அவன்ரை, பேர் மற்றவன்ரை.”

திரைப்பட விழா என்பது இவ்வாறு விசித்திரமானதொரு தருமம். பசித்தவனை அழைத்து இலை போடும். அவன் பெயரை மட்டும் பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்டு எழுதிக்கொள்ளும்.

செயற்குழு கூடியது. சச்சிதானந்தன், ஒப்பந்தங்கள் எழுதப்படுவதையும் கிழிக்கப்படுவதையும் பார்த்து வளர்ந்த நாட்டவராதலின், எடுத்த எடுப்பில் ஓர் இணக்கத் திட்டத்தையே முன்வைத்தார்: “‘சோவியத் உக்ரேன்’ என்று சொல்லலாமே.”

பிரிச்சர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அருமையான யோசனை. ஆனால் சோவியத் தூதரகத்திலிருந்து ஓர் அலுவலர் வருகிறார். நிறைவு நாள் படமும் அவர்கள் தந்ததுதான். அவர் மனம் புண்பட்டால்?”

“புண்படும் என்று அவர் சொன்னாரா?”

“சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் கவலையாக இருக்கிறது.”

பொருளாளராக இருந்த அம்மையார், உக்ரேன் என்பது ரஷ்யாவின் ஒரு மாவட்டம் என்று தாம் நினைத்திருந்ததாகத் தெரிவித்தார். அதன்பின் எவரும் கேளாத ஒரு தடையை எவரும் எதிர்க்காமல் குழு ஏகமனதாக நிறைவேற்றியது. அறிமுகவுரையை மூவர் சேர்ந்து எழுதினர். ‘மாபெரும் சோவியத் திரைமரபின் இன்னுமொரு மலர்’ என்று அது தொடங்கியது. அதில் ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கூட்டம் கலைகையில் பிரிச்சர்ட் சச்சிதானந்தனின் தோளில் கைபோட்டு, “அடுத்த ஆண்டு உபதலைவர் பதவிக்கு எங்கள் இந்திய நண்பரையே நினைத்திருக்கிறேன்” என்றார். தோள் அந்தக் கையை ஏற்றுக்கொண்டது. கதையில் எவரேனும் அவமானப்பட வேண்டுமாயின், அந்தத் தோளே படட்டும்.

மறுநாள் மதியம் ஸ்தெபானிடம் சொன்னார். ஸ்தெபான் கத்தவில்லை. தம் ரொட்டியைப் பாதி கடித்தபடி நிறுத்தினார்.

“அதை நீர் வாசிக்கப்போறீரோ?”

“வாசிக்கத்தான் வேணும். குழுவின்ரை தீர்மானம்.”

“ம். உங்கடை நாட்டிலை சிங்களச் சோதினை எழுத மாட்டன் எண்டு வந்தனீர் எண்டு சொன்னீர்.”

“அது வேறை.”

“ஓம். அங்கை சம்பளம். இஞ்சை உபதலைவர்.”

வீட்டில் சிவனேஸ்வரி குசினியில் கட்லற் உருட்டிக்கொண்டிருந்தாள். விழாவின் இடைவேளைக்குக் கட்லற் அனுப்புவது அவளுடைய பங்கு. நடந்ததைக் கேட்டுவிட்டுக் கை நிறுத்தாமலே சொன்னாள்: “வரதராஜா அண்ணையின்ரை பேரை விட்டதுக்குச் சங்கம் உடைஞ்சது. இவர் ஒரு நாட்டின்ரை பேரையே விடப்போறார். நல்லாயிருக்கு.”

“உனக்கு அரசியல் விளங்காது.”

“விளங்காதுதான். கட்லற்றுக்குள்ள மீன் எண்டால் மீன் எண்டு சொல்லித்தான் குடுப்பன். இறைச்சி எண்டு சொல்லிக் குடுக்கமாட்டன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

ஞாயிறு பிற்பகல். மழை. பழைய திரையரங்கின் கம்பளம் நனைந்த நாயின் மணம் வீசியது. தூதரக அலுவலர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்: பருத்த, தூக்கக் கலக்கமுடைய, சாந்தமான மனிதர். பிரதம விருந்தினரை மாலையின்றி அமர்த்தக் கூடாதென்று சிவனேஸ்வரி கார்னேஷன் பூக்களால் ஒரு மாலை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். “இது திருமணமல்லவே” என்று பிரிச்சர்ட் இனிமையாகத் தடுத்துவிட்டார். மாலை அவளுடைய பையிலேயே கிடந்தது. ஏழாம் வரிசையில் ஸ்தெபான், கழுத்துப்பட்டியோடு. அருகில் ஹாலினா, பட்டியின்றி, அக்கறையுமின்றி.

சச்சிதானந்தன் மேடையேறினார். வாசித்தார். மாபெரும் சோவியத் திரைமரபின் இன்னுமொரு மலர் மலர்ந்தது. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, அந்தப் பெண் தகப்பன் பக்கம் திரும்பி, புருவத்தை உயர்த்தியது தெரிந்தது. ‘பார்த்தாயா?’ என்றது அந்தப் புருவம். ஸ்தெபான் அவளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். திரையில் இன்னும் ஒன்றும் இருக்கவில்லை.

படம் ஓடியது. இடையர்கள் மலையேறினார்கள், ஒரு பெண் பாடினாள், பனி பொழிந்தது. கீழே ஆங்கில எழுத்துகள் ஓடினாலும் மேலே ஒலித்த மொழி ஸ்தெபானுடையது. சபை நடுவே அவர் வாய் அசைந்துகொண்டிருந்ததைச் சச்சிதானந்தன் பக்கவாட்டிலிருந்து கண்டார். பாத்திரங்கள் பேசுவதற்கு ஒரு கணம் முன்னதாகவே, சில இடங்களில் அவர் பேசிவிட்டார். முன்வரிசையில் ஒரு சீமாட்டி பெருமூச்செறிந்து, “ரஷ்ய ஆன்மா!” என்றாள்.

விளக்குகள் எரிந்தன. கைதட்டல். உடனே அந்தச் சத்தம் தொடங்கியது: கதிரைகள் மடங்கும் சத்தம், கோட்டுகள் சரசரக்கும் சத்தம். சனம் எழும்பிற்று.

சச்சிதானந்தனுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னாளில் பலர் பலவாறு விளக்கினார்கள். மனச்சாட்சி விழித்ததென்று சிலர் கூறினர். அது அத்தனை பெரிய செய்தி அன்று. மூன்று ஆண்டுகளாக அடக்கிவைத்திருந்த நன்றியுரை அவர் தொண்டையில் முட்டிற்று. கலையும் சபையைக் கண்டால், மழையைக் கண்ட தவளை போல, அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க இயலாது. ஒலிவாங்கியோ அங்கேயே நின்றது. எவரும் அதனை அகற்றவில்லை. அறிமுகவுரையில் ஒரு சொல்லும் கூட்டக்கூடாதென்று குழு தீர்மானித்திருந்தது. நன்றியுரை என்றொன்று உலகில் உண்டென்பதே அறியாத குழு, அதனைப் பற்றித் தீர்மானம் ஏதும் நிறைவேற்றியிருக்கவில்லை.

“சபையோரே!” என்றார். “தயவுசெய்து அமருங்கள். இன்னும் முடியவில்லை.”

அவுஸ்திரேலியர்கள் சட்டத்துக்குக் கீழ்ப்படிபவர்கள். ஏதோ தீ விபத்து அறிவித்தல் போலும் என்றெண்ணி அமர்ந்தார்கள்.

“இப்பொழுது நன்றி கூறும் இனிய கடமை. முதற்கண், இத்தகைய கலைஞர்களை ஈன்ற உக்ரேன் நாட்டுக்கு நன்றி. கீவ் நகரிலே இப்படத்தை இயக்கிய உக்ரேனிய இயக்குநருக்கு நன்றி. பனியிலே கை விறைக்க நின்று ஒளிப்பதிவு செய்த உக்ரேனியக் கலைஞருக்கு நன்றி. நம் உள்ளத்தை உருக்கும் உக்ரேனிய மொழிக்கு நன்றி. அந்த மொழியிலே பாடிய அம்மையாருக்கும், பாடாமல் அழுத அம்மையாருக்கும் நன்றி. உக்ரேனிய மலைகளுக்கு நன்றி. அம்மலைகளிலே மேய்ந்த, எந்த நாட்டைச் சேர்ந்தவை என்று இதுவரை எவரும் விசாரியாத உக்ரேனிய ஆடுகளுக்கும் நன்றி...”

பிரிச்சர்ட் ஓரத்திலிருந்து கையால் கழுத்தை அறுப்பதுபோலச் சைகை காட்டினார். அதனை, ‘கழுத்துக்கு மாலை எங்கே?’ என்று வினவுவதாகக் கொண்டார் சச்சிதானந்தன். நன்றியுரையாளன் வேறு எப்படிக் கொள்வான்? “பிரதம விருந்தினருக்கு மாலை!” என்றார். சிவனேஸ்வரி இதற்காகவே பிறந்தவள்போல எழுந்து நடந்தாள். தூதரக அலுவலர் திடுக்கிட்டு எழுந்து, தலை குனிந்து, கார்னேஷன் மாலையை ஏற்றுக்கொண்டார். “இந்த உக்ரேனியப் படைப்பை நமக்கு அனுப்பிவைத்த பெருந்தகைக்கு நன்றி!” என்று முழங்கியது மேடை. மாலை விழுந்த கழுத்துக்கு மறுப்புத் தெரிவிக்கும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை. அவர் கைகூப்பினார். சபை கைதட்டிற்று.

அதன்பின் படச்சுருள் ஏற்றியவருக்கு, டிக்கற் கிழித்தவருக்கு, கழிப்பறைக் கதவைத் திருத்தியவருக்கு, மழைக்கு என்று நன்றி தொடர்ந்தது. சபையில் பாதி தூங்கியது. பாதி இது இந்தியச் சடங்கு என்று பயபக்தியோடு வீற்றிருந்தது. முன்வரிசைச் சீமாட்டி மட்டும் விழா மலரைப் புரட்டி, ‘சோவியத் ரஷ்யா’ என்ற சொற்களைப் பார்த்து, மேடையைப் பார்த்து, பென்சில் தேடினாள்.

முடிந்தபோது பிரிச்சர்ட் தூதரக அலுவலரிடம் ஓடினார். “மன்னிக்க வேண்டும், ஒரு சிறு தவறு...”

அலுவலர் மாலையை முகர்ந்துகொண்டிருந்தார். “எந்தத் தவறு? உக்ரேனியப் படம்தானே. பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறதே. நீங்கள் பார்க்கவில்லையா?”

பிரிச்சர்ட் பார்த்ததில்லை. குழுவில் ஒருவரும் பார்த்ததில்லை. அவர்கள் அஞ்சுவதில் மும்முரமாக இருந்தார்கள். ஆயினும் உபதலைவர் பதவி அந்த மாலைப்பொழுதிலேயே பொருளாளர் அம்மையாருக்கு உறுதியாயிற்று. நன்றி கூறுதல் விழா விதிகளின்படி தடைசெய்யப்படும் என்றும் பிரிச்சர்ட் முகம் சிவக்கச் சொல்லிவிட்டுப் போனார். இம்முறை ‘இந்திய நண்பர்’ என்றுகூடச் சொல்லவில்லை.

அரங்கு வெறுமையாயிற்று. ஸ்தெபானும் மகளும் இருக்கைகளின் இடைவழியாக மேடையருகே வந்தார்கள். ஹாலினாவின் முகத்தில் பழைய புருவம் இல்லை.

“அப்பா ஒரு வாரத்தில் சொல்வதைவிட நீங்கள் கூடுதலாகச் சொல்லிவிட்டீர்கள்,” என்றாள். “ஆடுகள்கூடவா?”

“ஆடுகளும்தான்,” என்றார் சச்சிதானந்தன்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். “அந்தப் பாட்டு, நீ சவரம் செய்யும்போது பாடுவாயே, அதுதானே?”

ஸ்தெபான் தலையசைத்தார். இருமி, மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென முகத்தைக் கடுமையாக்கினார். “ஆனா சச்சி, ஒரு விசயம். கழிப்பறைக் கதவு திருத்தினவனுக்கும் நன்றி சொன்னீர். மழைக்குச் சொன்னீர். எனக்குச் சொல்லேல்லை.”

வரதராஜா, ஒலிபெருக்கி, இரண்டு பொங்கல் பானைகள், யாவும் சச்சிதானந்தனின் கண்முன் தோன்றின.

“எனக்கும்தான் சொல்லேல்லை,” என்றாள் பின்னாலிருந்து சிவனேஸ்வரி. “கட்லற்றும் நான், மாலையும் நான்.”

அவர் மீண்டும் மேடையேறினார். கூட்டிப் பெருக்க வந்த அந்தோணி, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றான். நான்கு பேர் கொண்ட சபை முன்னால் சச்சிதானந்தன் ஒலிவாங்கியைச் சரிசெய்தார். “விடுபட்ட நன்றிகள். என் துணைவியார் சிவனேஸ்வரிக்கு, கட்லற்றுக்காகவும், அதற்குள் மீன் என்றால் மீன் என்று சொல்வதற்காகவும். எசண்டனில் வசிப்பவரும், உக்ரேன் நாட்டவருமான ஸ்தெபானுக்கு, ஒரு சொல்லைக் கேட்டதற்காக.”

வெற்று அரங்கில் அந்தச் சொல் நாற்காலிகளின் மேல் ஏறி இறங்கியது. ஹாலினா கைதட்டினாள், தனியாக, உரக்க.

ஸ்தெபானும் மேடையேறி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் மேடையில் பேசாத மனிதர், அதனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “நானும் நன்றி சொல்லவேணும். என்ரை நாட்டின்ரை பேரை என்ரை மகளுக்குச் சொன்ன... என்ரை அருமை இந்திய நண்பருக்கு...”

சிவனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா,” என்றாள் ஹாலினா, “இவர் சிங்களச் சோதனை எழுதாமல் வந்தவர் என்று நீதானே சொன்னாய். இந்தியாவில் எதற்குச் சிங்களம்?” பிறகு சச்சிதானந்தனைப் பார்த்தாள், வேடிக்கைக்கல்ல, அறியும் ஆவலோடு. “அப்படியென்றால் நீங்கள் யார்?”

இந்த நகரத்தில் அக்கேள்வியை அவரிடம் எவரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் விடை முன்னதாகவே தெரிந்திருந்தது. சச்சிதானந்தன் ஒலிவாங்கியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கோட்டை இழுத்துவிட்டார். தொண்டையைச் செருமினார்.

அந்தோணி, இம்மனிதர் ஒலிவாங்கியைப் பிடித்தால் என்னவாகும் என்பதைப் பிற்பகல் முழுவதும் கண்டிருந்தவன், சுவரில் இருந்த மின்செருகியைப் பிடுங்கினான்.

“பரவாயில்லை, இருங்கோ,” என்றார் சச்சிதானந்தன், குரலை உயர்த்தி. “எனக்கு மைக் தேவையில்லை.”